கடைசிச் சைக்கிளில் வருகிறவர்

இங்கிலாந்தின் சிறு நகரங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடைத்தெரு இன்னும் கண் விழிக்காத வேளையில், நூல்நிலையத்தின் வாசலிலோ மணிக்கூண்டின் அடியிலோ பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிள்களோடு கூடி நிற்பதைக் காணலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். மருத்துவமனையில் இரவுப் பணியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேரே வந்த செவிலி ஒருத்தி இருப்பாள். பள்ளிப் பருவத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாமலிருந்து, போன மாதந்தான் மறுபடியும் ஏறத் துணிந்த ஒருவரும் இருப்பார். எல்லோரும் வந்து சேர்ந்ததும், பாதையை அறிந்த ஒருவர் முன்னே செல்வார், மற்றவர்கள் தொடர்வார்கள், எல்லோருக்கும் பின்னால், வேண்டுமென்றே கடைசியாக, இன்னொருவர் வருவார்.

இந்தக் கடைசி மனிதர் தற்செயலாகப் பின்தங்கியவர் அல்லர். அந்த இடம் அவருக்கென்று முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. யாருடைய சங்கிலியாவது கழன்றுகொண்டால் அவர் இறங்கி நிற்பார். மேட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், தாமும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுத் துணையாக உடன் வருவார். அவருக்குப் பின்னால் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரும் விடப்பட்டிருக்கக் கூடாது என்பதே அங்கே வழங்கும் நியதி. முன்னால் போகிறவருக்குத் தெரிவது பாதை. கடைசியில் வருகிறவருக்குத் தெரிவதோ கூட்டம். யார் சோர்ந்திருக்கிறார்கள், யார் யாருக்குக் கைகொடுக்கிறார்கள், போன வாரம் பயந்து நடுங்கியவர் இந்த வாரம் எப்படி நிமிர்ந்து ஓட்டுகிறார் என்பதையெல்லாம் முழுவதும் பார்க்கக்கூடிய இடம் அந்த ஒரே இடந்தான்.

இத்தகைய ஒரு கூட்டத்தை அது வாழும் ஊர் கௌரவிக்க வேண்டுமென்று யாரேனும் விரும்பினால், அதற்கு என்ன செய்ய வேண்டும்? ஒரு பாடகருக்கோ விளையாட்டு வீரருக்கோ விருது வழங்குவது எளிது. அவருடைய சாதனை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தலைவனென்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாத, கட்டடமோ பெயர்ப்பலகையோ இல்லாத, வாரந்தோறும் கூடிக் கலைகின்ற ஒரு சைக்கிள் சமூகம் ஊருக்குச் செய்திருக்கும் நன்மையை எவ்வாறு எடுத்துக் காட்டுவது? இந்தக் கேள்விக்குப் பிரிட்டனில் ஒரு முறையான விடை உண்டு. அந்த விடையை அறிவதற்கு முன்னால், அந்நாட்டின் சைக்கிள் சங்கங்கள் கடந்து வந்த பாதையைச் சிறிது திரும்பிப் பார்ப்பது நலம். ஏனெனில் அவர்கள் செய்த நன்மைகள் ஏன் ஊராரின் கண்ணில் படுவதில்லை என்பது அந்தச் சரித்திரத்திலேதான் இருக்கிறது.

குன்றின் உச்சியில் ஓர் எச்சரிக்கை

1878ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வட இங்கிலாந்தில் உள்ள ஹாரோகேட் என்னும் ஊரில், ஸ்டான்லி காட்டரெல் என்னும் இளைஞரின் முயற்சியால் சைக்கிள் பிரயாணிகளின் சங்கம் ஒன்று தோன்றியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அது ‘சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று ‘சைக்கிளிங் யு.கே.’ என்ற பெயரில் இயங்குகிறது. அந்தக் காலத்துச் சைக்கிள் நாம் இன்று அறிந்த வண்டி அன்று. முன் சக்கரம் ஓர் ஆள் மார்பளவு உயரம் இருக்கும். அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓட்ட வேண்டும். பின் சக்கரமோ ஒரு தட்டளவே. சக்கரம் ஒரு கல்லில் இடறினாலும், ஓட்டுகிறவர் தலைகுப்புற முன்னால் போய் விழுவார். நிறுத்துகருவியும் நம்பத்தக்கதாக இல்லாததால், செங்குத்தான சரிவு ஒன்றில் தெரியாமல் இறங்கிவிட்டவனுடைய உயிர் தெய்வத்தின் கையில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சாலைகளின் நிலையும் அப்போது பரிதாபமாயிருந்தது. ரயில் வந்த பிறகு குதிரை வண்டிப் போக்குவரத்து நசித்துப்போகவே, சுங்கம் வசூலித்துச் சாலைகளைப் பராமரித்து வந்த சபைகள் ஒவ்வொன்றாக நலிந்து மறைந்தன. நெடுஞ்சாலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அந்தச் சாலைகளில் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய முன்வந்தவர்கள் சைக்கிள்காரர்களே. ஆகவே சாலையின் குறைகளை உடம்பால் அனுபவித்து அறிந்தவர்களும் அவர்களே ஆனார்கள். 1880களில் அவர்களுடைய சங்கங்கள் தங்கள் சொந்தச் செலவில், அபாயகரமான குன்றுகளின் உச்சியில், ‘இந்தச் சரிவு ஆபத்தானது’ என்று எச்சரிக்கும் இரும்புப் பலகைகளை நாட்டின. அரசாங்கம் அத்தகைய அடையாளங்களை நாடெங்கும் ஒரே முறையாக அமைக்க முற்படுவதற்கு வெகு முன்பே நடந்த காரியம் இது. 1886இல் சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்பும் தேசிய சைக்கிள்காரர் சங்கமும் சேர்ந்து சாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, சாலை போடுவது எவ்வாறு, செப்பனிடுவது எவ்வாறு என்று விளக்கும் பிரசுரங்களை அச்சிட்டு, ஊர்தோறும் சாலைப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு விநியோகித்தன.

இதிலுள்ள ஓர் உண்மையை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அந்தப் பலகையைப் படித்துவிட்டு வேகத்தைக் குறைத்த குதிரை வண்டிக்காரனுக்கு, அதை நாட்டியவர்கள் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை. மேடு பள்ளமில்லாத சாலை வேண்டுமென்று அவர்கள் எழுப்பிய குரலின் பயனைப் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் அனுபவித்தன. மோட்டார் ஓட்டுகிறவருக்கு அந்தக் குரலின் நினைவே இல்லை. தண்ணீரில் உப்பு கரைவதைப்போல இவர்கள் செய்த நன்மை பொதுவாழ்வில் கரைந்துவிட்டது. கரைந்த உப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. நாவில் வைத்துப் பார்த்தவரே அதைச் சொல்ல முடியும்.

இன்னும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1898ஆம் ஆண்டில் ஹார்பர்டன் சீமாட்டி என்னும் அம்மையார், நெடும் பாவாடை சக்கரத்தில் சிக்கும் அபாயத்தைத் தவிர்ப்பதற்காக அக்காலத்துச் சீர்திருத்தவாதிகள் விரும்பிய தளர்ந்த கால்சட்டையை அணிந்து, சரே பிரதேசத்துக் கிராமமொன்றின் விடுதிக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அந்த உடையில் வந்த ஸ்திரீக்கு மரியாதைக்குரிய அறையில் இடமில்லை என்று விடுதியின் தலைவி மறுத்துவிட்டார். சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் தன் அங்கத்தினரான அந்த அம்மையாரின் பக்கம் நின்று, மறு ஆண்டு வழக்குத் தொடுத்தது, வழக்கில் தோற்றது. ஆனால் ஒரு பெண் எந்த உடையில் எந்தச் சாலையில் செல்லலாம் என்னும் கேள்வியை நாடே பேசும்படி செய்தது அந்தத் தோல்வி. ஒரு சமூகத்தின் சேவையைக் கணக்கெடுக்கும்போது அது வென்றவற்றை மட்டும் எண்ணக்கூடாது. யாருக்காகத் தோற்கத் துணிந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

சட்டத்தின் ஏடுகளிலும் இவர்களுடைய அடிச்சுவடு உண்டு. 1888ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் சைக்கிளையும் ஒரு வாகனமென்று அங்கீகரித்து, சாலையில் அதற்கு உரிய இடத்தை உறுதிசெய்தது. 1968இல் இயற்றப்பட்ட கிராமப்புறச் சட்டம், குதிரைகள் செல்வதற்கென்று இருந்த பாதைகளில், நடந்து செல்வோருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டுமென்ற நிபந்தனையோடு, சைக்கிளுக்கும் உரிமை அளித்தது. முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்த சைக்கிள்காரர்களின் நினைவாக, இங்கிலாந்தின் நடுமையமென்று பரம்பரையாகச் சொல்லப்படும் மெரிடன் என்னும் ஊரில் 1921இல் ஒரு கல்தூண் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சைக்கிளிலேயே வந்து அங்கே அஞ்சலி செலுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நமது தலைமுறைக்கு அருகில் நடந்ததையும் பார்க்கலாம். 1977இல் பிரிஸ்டல் நகரத்தில் சில சைக்கிள் ஆர்வலர்கள் ஒன்றுகூடி, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ரயில் பாதை ஒன்றைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதையாக மாற்ற முனைந்தார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, முள்ளும் புதரும் மண்டிய அந்த நிலத்தைத் தொண்டர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்று சீர்திருத்தினார்கள். 1979இல் தொடங்கிய வேலை 1986இல் நிறைவெய்தி, பிரிஸ்டலிலிருந்து பாத் நகரம் வரையில் ஏறக்குறைய 21 கிலோமீட்டர் தூரம் மோட்டார் வண்டியின் அச்சமில்லாத பாதை உருவாயிற்று. அந்தச் சிறு கூட்டமே பின்னால் ‘சஸ்ட்ரான்ஸ்’ என்னும் ஸ்தாபனமாக வளர்ந்து, நாடு தழுவிய சைக்கிள் பாதைகளை அமைத்தது. அந்தப் பாதையில் இன்று தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நடக்கும் தாய்மாரும், கைத்தடியோடு உலாவும் முதியோரும் எத்தனையோ பேர். அவர்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அல்லர். ஆயினும் சைக்கிள்காரர்களின் உழைப்பு விளைந்த நிலத்தில் நடக்கிறவர்கள்.

குழுவுக்கென்று ஒரு விருது

இப்படிப்பட்ட உழைப்பை நாடு அங்கீகரிப்பதற்குப் பிரிட்டனில் நெடுநாள் வரையில் பொருத்தமான ஏற்பாடு இல்லை. தனி மனிதர்களுக்குப் பட்டங்களும் பதக்கங்களும் இருந்தன; ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்த தொண்டுக்கு, அவர்களில் ஒருவரைப் பிரித்தெடுத்துப் பதக்கம் அணிவித்தால், மற்ற ஒன்பது பேரின் உழைப்பு நிழலில் மறைந்துவிடுகிறது. இந்தக் குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, இரண்டாம் எலிஸபெத் ராணியார் அரியணை ஏறிய பொன்விழாவை ஒட்டி, 2002ஆம் ஆண்டில் தன்னார்வச் சேவைக்கான ராணியின் விருது ஏற்படுத்தப்பட்டது. ராணியாரின் மறைவுக்குப் பிறகு அது மன்னரின் விருது என்று பெயர் பெற்று, மூன்றாம் சார்லஸ் மன்னரின் பிறந்த நாளாகிய நவம்பர் 14ஆம் தேதியில் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. தனி மனிதருக்கு அளிக்கப்படும் எம்.பி.ஈ. என்னும் கௌரவத்துக்கு நிகரான மதிப்பு இதற்கு உண்டு. தன்னார்வக் குழுக்களுக்கு அந்நாட்டில் இதைவிட உயர்ந்த விருது வேறு இல்லை.

இந்த விருதில் பணம் இல்லை. மன்னரின் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றும், கண்ணாடிப் படிகத்தாலான நினைவுச் சின்னம் ஒன்றும் அளிக்கப்படுகின்றன. குழுவின் சார்பில் இரண்டு தொண்டர்கள் மன்னரின் தோட்ட விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள். சான்றிதழையும் சின்னத்தையும் பெறுவதற்குத் தலைநகருக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் மன்னரின் பிரதிநிதியாக இருக்கும் லார்டு லெப்டினன்ட் என்பவர், அந்தக் குழு பணிபுரியும் இடத்துக்கே வந்து, அந்த ஊராரின் முன்னிலையிலே வழங்குகிறார். தேசத்தின் மரியாதை ஊரைத் தேடி வருகிறதென்பது இந்த ஏற்பாட்டின் அழகு.

தகுதிக்குரிய விதிகள் எளியவை. குழு மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து இயங்கி வந்திருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேற்பட்டோர் ஊதியம் பெறாத தொண்டர்களாக இருக்க வேண்டும். அது செய்யும் பணி ஓர் ஊருக்கு நேரான, குறிப்பிட்டுச் சொல்லத்தக்க நன்மையைத் தர வேண்டும். பதிவு செய்யப்பட்ட பெரிய ஸ்தாபனமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தேநீர்க் கடையின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வாரத்துப் பிரயாணத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள் கூட்டமும், பல ஆண்டுப் பழமையுள்ள மருத்துவ சேவைச் சங்கமும் அந்த வாசலில் சமமே.

ஆனால் ஒரு விதி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமானதென்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் குழுவும் தன்னைத்தானே பரிந்துரை செய்துகொள்ள முடியாது. அதில் தொண்டராக இருப்பவரோ, அதை நிர்வகிப்பவரோ விண்ணப்பத்தை எழுதக்கூடாது. வெளியிலிருந்து அதன் பணியைப் பார்த்து அறிந்த ஒருவரே எழுத வேண்டும். அவருடைய எழுத்துக்குத் துணையாக, குழுவின் பணியை நன்கு அறிந்த, ஆனால் அதன் நடத்துகையில் பங்கில்லாத இரண்டு பேர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். அதன் பின்னர் லார்டு லெப்டினன்டின் சார்பில் உள்ளூரிலேயே விசாரணை நடைபெறும். மதிப்பிடுவோர் நேரில் வந்து தொண்டர்களைச் சந்திப்பார்கள். அவர்களுடைய கருத்து நாடு தழுவிய ஒரு குழுவின் பரிசீலனைக்குச் சென்று, இறுதியில் மன்னரின் ஒப்புதலைப் பெறும். இவ்வளவு நீண்ட வழியின் தொடக்கத்திலே நிற்பது, வெளியே நின்று பார்த்த ஒரு மனிதரின் சாட்சியம். அப்படி ஒருவர் பார்க்கவில்லையென்றால், எத்தனை பெரிய சேவைக்கும் அந்த வாசல் திறப்பதில்லை.

எதை அளப்பது?

ஒரு சைக்கிள் சமூகத்துக்காக அந்த விண்ணப்பத்தை எழுத உட்காருகிறவருக்கு முதலில் நேரக்கூடிய தவறு, சைக்கிளைப் பற்றியே எழுதிவிடுவதாகும். இத்தனை பேர் அங்கத்தினர், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினார்கள், இத்தனை மலைகளை ஏறினார்கள் என்று எழுதினால், அது அவர்கள் அடைந்த ஆனந்தத்தின் கணக்காகுமே தவிர, ஊர் அடைந்த நன்மையின் கணக்காகாது. சைக்கிள் ஓட்டுவது ஓட்டுகிறவருக்குச் சுகம். அந்தச் சுகத்துக்கு விருது தேவையில்லை, அதுவே அதற்குப் பரிசு. விருதுக்கு உரியது அந்தச் சுகம் ஓட்டாதவர்களின் வாசல் வரையில் போய்ச் சேர்ந்த கதை. ஆகவே எழுதுகிறவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கூட்டம் நாளைக் காலையில் இல்லாமற்போனால், சைக்கிள் ஓட்டாத யாருடைய வாழ்க்கை குறைந்துபோகும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் எத்தனையோ காட்சிகள் கண்முன் வரும். இரண்டு பேர் ஓட்டும் நீண்ட சைக்கிள் ஒன்று உண்டு. முன் இருக்கையில் கண் பார்வையுள்ளவர் அமர்ந்து திசையையும் நிறுத்தத்தையும் கவனித்துக்கொள்ள, பின் இருக்கையில் பார்வையற்றவர் அமர்ந்து தம் கால் வலிமையையும் சேர்த்து ஓட்டுவார். வளைவு வருகிறது, மேடு வருகிறது, நிற்கப்போகிறோம் என்று முன்னிருப்பவர் சொல்லிக்கொண்டே வருவார். வழியில் பூத்திருக்கும் வேலியையும், தொலைவில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் சொல்லுகிறவர்களும் உண்டு. வீட்டின் நாலு சுவர்களுக்குள்ளேயும் பிறருடைய கையைப் பிடித்துக்கொண்டும் நடந்து பழகிய ஒருவருக்கு, தம் சொந்தக் காலின் விசையால் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும் அனுபவம் எவ்வளவு பெரியது என்பதைக் கிலோமீட்டரில் அளக்க முடியுமா?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 2012ஆம் ஆண்டில் ஓலே காஸோ என்பவர் தொடங்கிய ஓர் இயக்கம் பிரிட்டன் உட்படப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. முதியோர் இல்லங்களில் வசிப்பவர்களை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி, தொண்டர்கள் ஊரைச் சுற்றிக் காட்டி வருகிறார்கள். நாம் கண்டு பழகிய சைக்கிள் ரிக்‌ஷாவில் சவாரி செய்கிறவர் பின்னால் அமர்ந்து ஓட்டுகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு போவார். இந்த வண்டியிலோ முதியவர்கள் முன்னால் அமர்கிறார்கள், ஓட்டுகிறவர் பின்னால் இருக்கிறார். சாலையும் மரமும் எதிரே வரும் மனிதரும் முதலில் அவர்களுடைய கண்ணுக்கே படுகின்றன. தாம் படித்த பள்ளியையும், வேலை பார்த்த தொழிற்சாலையையும், மணம் புரிந்துகொண்ட தேவாலயத்தையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்க்கும் ஒரு பாட்டியம்மாள், திரும்பி வந்த பின் அன்று மாலை முழுவதும் பேசுகிறாள் என்றால், அவளுடைய பேச்சைக் கேட்கும் இல்லத்துப் பணிப்பெண்ணே நாம் தேடும் சாட்சி. ஆதரவுக் கடிதத்தை அப்படிப்பட்டவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சங்கத்தின் பெருமையை உயர்ந்த சொற்களால் புகழக்கூடிய பிரமுகரின் கடிதத்தைவிட, தாம் கண்டதைக் கண்டபடி எழுதும் பணிப்பெண்ணின் இரண்டு பக்கங்கள் கனமானவை.

இன்னும், பழைய சைக்கிள்களைச் சேகரித்துப் பழுதுபார்த்து வசதியற்றவர்களுக்குக் கொடுக்கும் கூட்டங்கள் உண்டு. அந்நிய நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்து, பஸ் கட்டணத்துக்கும் வழியில்லாத ஒருவருக்கு, ஒரு சைக்கிள் என்பது மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் ஒரே நாளில் அருகில் வந்துவிட்டதற்குச் சமானம். நடுவயதில் சைக்கிள் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு, யாரும் பார்த்துச் சிரிக்காத ஒரு மைதானத்தில், பொறுமையோடு கற்றுக்கொடுப்பவர்கள் உண்டு.

இந்தக் கடைசிப் பணியைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகருக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வராமல் இராது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. கிராமங்களில் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் கண்டு எழுதியதால் அது உலகுக்குத் தெரிந்தது. அந்த இயக்கத்தின் பயனை எங்கே போய் அளப்பது? ஓட்டிய தூரத்தில் அன்று. பஸ்ஸுக்காகக் காத்திருந்து வீணான பொழுது மிஞ்சியதிலும், தண்ணீர்க் குடம் இடுப்பிலிருந்து கேரியருக்கு இறங்கியதிலும், விளைபொருளை விற்பதற்குத் தகப்பனையோ தமையனையோ எதிர்பார்க்காமல் தானே சந்தைக்குப் போன பெண்ணின் நிமிர்ந்த தலையிலும் அது இருந்தது. நாடு எதுவாயினும் அளவுகோல் ஒன்றுதான்: சக்கரம் சுழன்றதா என்பதன்று, அது சுழன்றதால் யாருடைய வாழ்க்கை நகர்ந்தது என்பதே.

சாட்சி சொல்லும் முறை

அளவுகோல் தெரிந்த பிறகு எழுதும் வேலை அவ்வளவு கடினமன்று. ஆனால் பொறுமை வேண்டும். குழு எப்போது, எந்தத் தேவையைக் கண்டு தொடங்கியது என்பதை முதலில் கூற வேண்டும். வாரத்துக்கு எத்தனை முறை கூடுகிறார்கள், எத்தனை தொண்டர்கள் உழைக்கிறார்கள், அவர்களுடைய உழைப்பு எத்தனை மணி நேரம் என்னும் விவரங்களை, குழுவின் கணக்கைப் பார்த்துச் சரியாக எழுத வேண்டும். தெரியாத எண்ணை மதிப்பாகப் போட்டு நிரப்பினால், நேரில் விசாரிக்க வருகிறவரின் முன்னிலையில் முழு விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ‘சிறந்த சேவை’, ‘அரிய தொண்டு’ என்னும் பொதுச் சொற்களை எவ்வளவுக்கெவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு உண்மை துலங்கும். மழை பெய்த நாளிலும் அவர்கள் வந்தார்கள் என்று எழுதுவதைவிட, எந்த மாதத்தில் எந்த மழையில் யாருக்காக வந்தார்கள் என்று எழுதுவது நல்லது.

அவர்கள் பிற குழுக்களைப் போலவே செய்வது எது, அவர்கள் மட்டுமே செய்வது எது என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். பத்து ஊர்களிலும் சைக்கிள் பிரயாணம் நடக்கலாம். ஆனால் உங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றுதான், மனைவியை இழந்து வீட்டைவிட்டு வெளியே வராமலிருந்த அண்டை வீட்டுக்காரரை வாரந்தோறும் அழைத்துப் போய், மறுபடியும் மனிதர்களோடு பேசவைத்தது என்றால், விண்ணப்பத்தின் உயிர் அந்த ஒரு வாக்கியத்திலே இருக்கிறது. அப்படி எழுதும்போது, சம்பந்தப்பட்டவருடைய சம்மதத்தைப் பெறுவதும், அவர் விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிடுவதும் எழுதுகிறவரின் கடமை. ஒருவருடைய துக்கம் இன்னொருவருடைய விருதுக்கு அலங்காரமாகிவிடக் கூடாது.

இவ்வளவு பிரயாசையும் எதற்கு, நல்ல காரியம் செய்கிறவர்கள் புகழை நாடுவதில்லையே என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நாடுவதில்லை என்பது உண்மைதான். நாடாமலிருப்பது அவர்களுக்கு அழகு. ஆனால் அவர்கள் நாடவில்லை என்பதைக் காரணமாகக் கொண்டு நாம் சும்மா இருப்பது நமக்கு அழகாகாது. நன்றி என்பது செய்தவருடைய தேவையன்று, பெற்றவருடைய கடமை. செய்ந்நன்றியறிதலுக்கென்றே ஓர் அதிகாரத்தை வகுத்துக்கொடுத்த பரம்பரையில் வந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், தன்னிடத்தில் என்ன நன்மை நடக்கிறது என்பதை அறியாத ஊர், அந்த நன்மை நின்றுபோகும் நாளிலும் அதை அறியாது. ஏதோ ஒன்று குறைந்துவிட்டதென்ற வெறுமை மட்டுமே மிஞ்சும். பரிந்துரை செய்கிறவர் ஒரு குழுவுக்கு உபகாரம் செய்வதாக எண்ண வேண்டாம். ஊர் தன்னைத்தானே தெரிந்துகொள்ளும்படி செய்கிறார்.

விருது கிடைக்காமலும் போகலாம். தகுதியுள்ள பல குழுக்களிலிருந்து சிலவற்றையே தேர்ந்தெடுக்க முடியும். ஆயினும் அந்தக் காகிதங்கள் வீணாவதில்லை. தங்களைப் பற்றி வெளியார் ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தெரிய வரும்போது, பத்து ஆண்டுகளாகக் காலையில் எழுந்து வந்துகொண்டிருந்த தொண்டர், தாம் செய்தது காற்றோடு போகவில்லை என்பதை அறிகிறார். ஒரு குழு எப்படித் தொடங்கியது, யார் யாரைத் தூக்கிவிட்டது என்னும் வரலாறும் அந்த விண்ணப்பத்தின் மூலமாகவே முதன்முதலில் எழுத்தில் பதிவாகிறது. குன்றின் உச்சியில் இரும்புப் பலகையை நாட்டியவர்களைப் பற்றி அந்த ஊரில் யாராவது அப்போதே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தால், அவர்களுடைய பெயர்களும் முகங்களும் நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நண்பகலுக்குள் ஊர் திரும்பிவிடும். முன்னால் போனவர் முதலில் வந்து சேர்ந்து, தேநீர்க் கடையின் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவராக வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் வந்துவிட்டார்களா என்ற கேள்விக்கு அவரால் விடை சொல்ல முடியாது. கடைசிச் சைக்கிள் தெருமுனையில் திரும்பி வரும்போதுதான் அந்த விடை வருகிறது; அதில் வருகிறவர் ஒருவரே, வழி நெடுகிலும் யார் எங்கே தளர்ந்தார்கள், யார் இறங்கி நின்று தூக்கிவிட்டார்கள் என்பதையெல்லாம் கண்டவர். ஒரு சமூகத்துக்காகப் பரிந்துரை எழுத அமர்கிறவருக்கும் இதுவே இடம். அவர் அந்தக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லோரையும் பார்த்துவிட்டு, ஒருவரும் விடுபடவில்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அதன் பிறகே தம் கையொப்பத்தை இடுகிறார்.